நாடியும் கணக்கேடும்

மருத்துவத் தொழிலைப் போல் மக்களால் மதிக்கப்பெறும் தொழில்கள் மிகச் சிலவே. தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றில், "வளர்ந்தபின் என்ன தொழில் செய்ய விரும்புகிறீர்கள்?" என்று ஆசிரியர் வினவினால், முதலில் எழும் விடைகளுள் 'மருத்துவர்' என்பது தவறாமல் இருக்கும். பெற்றோரின் கனவும் அதுவே. பரிசளிப்பு விழா மேடையில் பெரியோர் கூறும் வாழ்த்தும் பெரும்பாலும் அதுவே. அந்த விருப்பத்தில் இரு கூறுகள் கலந்திருக்கின்றன. பிறர் துயர் தீர்க்கும் பெருமை ஒன்று. மருத்துவர் வீட்டில் பணத்திற்குப் பஞ்சம் இராது என்னும் நம்பிக்கை மற்றொன்று. முன்னதைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. பின்னது எவ்வளவு தூரம் உண்மை என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

மலேசியாவில் தனியாகக் கிளினிக் நடத்தும் மருத்துவர் ஒருவர், காலை முதல் இரவு வரை நோயாளியின் நாடியைப் பார்க்கிறார். நோயாளிகள் சென்றபின் கணக்கேட்டைப் பார்க்கிறார். நாடிகள் யாவும் சீராக ஓடிய நாளிலும் கணக்கு ஓடாமல் நின்றுவிடுவது உண்டு. அந்தக் கணக்கு எங்கே இடறுகிறது என்பதை அறியாமல் மருத்துவரைத் தெய்வமென்று போற்றுவதாலும் பயனில்லை; பணம் பறிப்பவர் என்று தூற்றுவதும் முறையில்லை.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய சிறு கிளினிக்கிலும் அந்நான்குமே உள்ளன. ஆனால், அவற்றை ஒரு கூரையின்கீழ்க் கூட்டி வைக்கும் செலவை யார் ஏற்பது என்னும் ஐந்தாவது வினா ஒன்று இக்காலத்தில் எழுந்துள்ளது.

பேரா மாநிலத்துச் சிறு பட்டணம் ஒன்றில், கடைவீட்டு வரிசையின் கீழ்த்தளத்தில் அத்தகைய கிளினிக் ஒன்று உண்டு. அதை நடத்தும் மருத்துவர் தோட்டத்தில் பிறந்தவர். தாயார் பால்மரம் வெட்டியவர். தந்தையார் அதே தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை செய்தவர். பெற்றோரின் சேமநிதிப் பணமும் உறவினர் கொடுத்த கடனும் சேர்ந்தே மகனை மணிப்பாலுக்கு மருத்துவம் பயில அனுப்பின. படித்துத் திரும்பியவர் அரசாங்க மருத்துவமனைகளில் சில ஆண்டுகள் பணியாற்றினார். பழைய கடன் அடைந்தபின், 2006ஆம் ஆண்டின் இறுதியில் சொந்தமாகக் கிளினிக்கைத் திறந்தார். சொந்தம் என்பது பெயரளவிலேதான். கடைவீடு வாடகைக்கு வந்தது. கருவிகள் தவணையில் வந்தன. முதல் ஆண்டின் மருந்துகள் வங்கிக் கடனில் வந்தன. ஒரு கடனை அடைத்த கையோடு மறு கடனில் கையெழுத்திட்டார்.

அவரிடம் வரும் நோயாளிகளுள் பலரும் தோட்டத்தை விட்டு வந்தவர்களே. தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் நோய் வந்தால் அவர்கள் தோட்டத்து மருந்தகத்திற்குச் சென்றார்கள். அங்கே டிரஸ்ஸர் இருந்தார். புண்ணைக் கழுவிக் கட்டினார். காய்ச்சலுக்கு மாத்திரையும் இருமலுக்குப் புட்டியில் மருந்துத் தண்ணீரும் கொடுத்தார். குறித்த நாளில் வெளியிலிருந்து மருத்துவர் வந்து பார்த்துச் சென்றார். தொழிலாளி அங்கே பணம் எடுத்து நீட்டியதில்லை. செலவைத் தோட்ட நிர்வாகம் ஏற்றது. அந்தச் செலவு தொழிலாளியின் வியர்வையிலிருந்தே வந்தது என்பது வேறு செய்தி. பின்னர்த் தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மக்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களோடு பழைய பழக்கமும் உடன் வந்தது. மருந்து என்பது கைக்குக் கிடைப்பது. அறிவுரை என்பது அதனோடு தானாக வருவது என்னும் எண்ணமே அப்பழக்கம்.

அரசாங்கக் கிளினிக்குகளும் அந்த எண்ணத்தை மாற்றவில்லை. குடிமக்கள் 1 வெள்ளி கொடுத்து மருத்துவரைப் பார்த்து மருந்தும் பெற்றுச் செல்லலாம் என்பது இந்நாட்டின் நெடுநாளைய ஏற்பாடு. ஏழை எளியோரைக் காத்து நிற்கும் பெருமைக்குரிய ஏற்பாடு அது. எனினும் அந்த 1 வெள்ளி மருத்துவத்தின் விலையன்று. எஞ்சிய செலவை வரிப்பணம் தாங்குகிறது. சாலைக்கு இப்பால் கிளினிக் நடத்தும் தனி மருத்துவருக்கு அத்தகைய முட்டுக்கொடுப்பு ஏதுமில்லை.

அவருடைய செலவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தனியார் மருத்துவ நிலையங்களுக்கான சட்டம் 1998இல் இயற்றப்பட்டு, 2006 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. அது முதல் ஒவ்வொரு கிளினிக்கும் பதிவு செய்யப்பெற வேண்டும். கட்டடமும் வசதிகளும் விதிகளுக்கு உட்பட்டு அமைய வேண்டும். மருத்துவர் ஆண்டுதோறும் தொழிற்சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். தொடர்கல்விப் புள்ளிகளும் தொழிற்பாதுகாப்புக் காப்புறுதியும் இல்லாமல் அச்சான்றிதழ் கிடைப்பதில்லை. ஊசியையும் குருதி தோய்ந்த பஞ்சையும் நகராண்மைக் குப்பைத் தொட்டியில் இட முடியாது. உரிமம் பெற்ற நிறுவனம் வந்து எடுத்துச் சென்று அழிப்பதற்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். தடுப்பூசி மருந்துகளை 2 பாகை முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்துக் காக்க வேண்டும். ஓரிரவு மின்சாரம் தடைபட்டால் பெட்டி நிறைந்த மருந்தும் வீணாகக் கூடும். காலாவதியான மாத்திரைகளை எடைக்குக்கூடப் போட முடியாது. இவற்றுள் எதுவும் தேவையற்ற விதி என்று சொல்வதற்கில்லை. யாவும் நோயாளியின் நன்மைக்கே உள்ளவை. ஆனால் நன்மைக்கும் விலை உண்டு.

கணக்குப் பாடத்தில் மாணவர்க்குக் கொடுக்கத்தக்க கணக்கு ஒன்று இதில் உள்ளது. 2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. கிளினிக்கில் பெயர் பதியவும் மருந்து எடுத்துக் கொடுக்கவும் இரண்டு உதவியாளர் இருப்பதாகக் கொள்வோம். இருவரும் குறைந்தபட்ச ஊதியமே பெற்றாலும் மாதம் 3,400 வெள்ளி. முதலாளி செலுத்த வேண்டிய ஊழியர் சேமநிதி நூற்றுக்கு 13 வீதம் 442 வெள்ளி. ஆக 3,842 வெள்ளி, சொக்சோ தனி. இனி வருவாயைப் பார்ப்போம். 2006ஆம் ஆண்டின் விதிமுறைகள், பொது மருத்துவர் தம் கிளினிக்கில் நோயாளியைப் பார்ப்பதற்குரிய கட்டணத்தை 10 வெள்ளி முதல் 35 வெள்ளி வரை என்று வரையறுத்தன. மருத்துவர் 10 வெள்ளி வாங்கினால், அவ்விரு உதவியாளரின் ஊதியத்திற்கு மட்டும் 385 நோயாளிகளைப் பார்க்க வேண்டும். 35 வெள்ளி வாங்கினாலும் 110 பேரைப் பார்க்க வேண்டும். வாடகை, மின்கட்டணம், வங்கித் தவணை, மருந்துக் கொள்முதல், கழிவு அகற்றும் செலவு, இறுதியாக மருத்துவரின் குடும்பம் ஆகிய யாவும் அதன் பின்னரே வரிசையில் நிற்கின்றன.

இந்தக் கணக்கில் மற்றோர் உண்மையும் உண்டு. 2013இல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் 900 வெள்ளியாக இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அது ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உழைப்பவர் ஊதியம் உயர்வது முறையே. ஆனால் 2006இல் எழுதப்பட்ட 35 என்னும் எண்ணோ 2024 முடிய அசையாமல் நின்றது. படிக்கட்டில் ஒருவர் ஏறிக்கொண்டே இருக்க, அவருக்கு ஊதியம் கொடுக்க வேண்டியவர் அதே படியில் கட்டுண்டு நின்ற நிலை அது.

அவ்வாறாயின் கிளினிக்குகள் எவ்வாறு உயிர் வாழ்ந்தன? விடை மருந்தில் இருக்கிறது. இந்நாட்டில் மருத்துவரே நோயைக் கண்டு, தம் கிளினிக்கிலேயே மருந்தையும் கொடுப்பது வழக்கம். கட்டண எண் அசையாதபோது, வாடகையும் ஊதியமும் மெல்ல மெல்ல மாத்திரையின் விலைக்குள் புகுந்துகொண்டன. மருத்துவர் கற்ற கல்வியும் அவர் செலவிட்ட நேரமும் விலையில்லாப் பொருள் போலாயின. மாத்திரை மட்டும் விலையுள்ள பொருளாயிற்று. நோயாளி தம் கைப்பையைக் குலுக்கிப் பார்த்து, உள்ளே எத்தனை வகை மாத்திரை இருக்கிறது என்று எண்ணிக் கட்டணத்தின் நியாயத்தை அளக்கலானார்.

இந்த ஏற்பாட்டில் மிகவும் வருந்துபவர் நேர்மையான மருத்துவரே. மருந்து தேவையில்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் தம் வருவாயைத் தாமே மறுக்கிறார்.

பேரா மாநிலத்து அந்தக் கிளினிக்குக்கு ஒருநாள் மாலை மூதாட்டி ஒருவர் காய்ச்சலோடு பேரனை அழைத்து வந்தார். முதல் நாள் காய்ச்சல். மருத்துவர் சிறுவனை நன்றாகச் சோதித்தார். வீட்டில் பாராசிட்டமால் இருக்கிறதா என்று கேட்டார், இருந்தது. ஊசியோ ஆண்டிபயாட்டிக் மாத்திரையோ இதற்கு வேண்டா என்றார். பிறகு நாற்காலியை மூதாட்டியின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினார். அந்தப் பகுதியில் அப்போது டெங்கி பரவியிருந்தது. "பாட்டி, காய்ச்சல் விட்டுட்டா சரியாப் போச்சுன்னு இருந்துடாதீங்க. விடுற நேரந்தான் கவனிக்கணும். வயிறு வலிச்சா, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா, ஈறுல ரத்தம் வந்தா, பிள்ளை சோர்ந்து படுத்துக்கிட்டா, ராத்திரின்னும் பார்க்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க" என்றார். நாளை மறுநாள் மீண்டும் வந்து இரத்தம் சோதிக்கும்படியும் சொன்னார். வெளியே இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தனர்.

முகப்பில் உதவியாளர் 15 வெள்ளி கேட்டார். மூதாட்டிக்குச் சினம் வந்துவிட்டது. "ஊசியும் போடலை, மருந்தும் கொடுக்கலை. வாயால பேசினதுக்கா பதினஞ்சு வெள்ளி?" என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னார். உள்ளே இருந்த மருத்துவர் செவியிலும் அது விழுந்தது. "விடும்மா, அனுப்பிடு" என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தார். கணக்கேட்டில் சிறுவனின் பெயருக்கு எதிரே சுழி எழுதப்பட்டது.

மூன்று கிழமை கழித்து மூதாட்டி தம் இரத்த அழுத்தத்தைச் சோதிக்க வந்தார். காய்ச்சல் விட்ட அன்று இரவே சிறுவனுக்கு வயிற்று வலியும் வாந்தியும் கண்டன என்றும், மருத்துவர் சொன்னது நினைவுக்கு வரவே பக்கத்து வீட்டுக்காரர் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும், டெங்கி என்று அங்கே படுக்கையில் வைத்துக் காப்பாற்றியதாகவும் கூறினார். "சரியான நேரத்துல கொண்டு வந்தீங்கன்னு அங்க உள்ள டாக்டர் சொன்னாருய்யா" என்றார். அந்தப் பட்டணத்தில் அவ்வாண்டு கொடுக்கப்பட்ட மருந்துகளுள் அந்தச் சொற்களைவிடப் பயன்பட்டது எதுவாக இருக்க முடியும்? ஆயினும் கணக்கேட்டில் அந்தச் சுழி சுழியாகவே இருந்தது.

இவ்விடத்தில்தான் பணநெருக்கடி வெறும் பண நெருக்கடியாக நில்லாமல் மனச்சான்றின் நெருக்கடியாக மாறுகிறது. ஊசி போட்டிருந்தால் மூதாட்டி மகிழ்ந்திருப்பார், கட்டணமும் கிடைத்திருக்கும். தேவையில்லாத ஆண்டிபயாட்டிக் மருந்தைக் கொடுத்தால் உடனே பெரிய தீங்கு தோன்றாது. ஆனால் அது வழக்கமாகும்போது கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறுகின்றன. உண்மையாகத் தேவைப்படும் நாளில் மருந்து தோற்றுவிடுகிறது. அந்தத் தீங்கு எந்த ஒரு நோயாளியின் பெயரிலும் எழுதப்படுவதில்லை. ஊரின் பெயரில் எழுதப்படுகிறது. வாடகை நாள் நெருங்கும்போது அந்த எண்ணத்தை நினைவில் நிறுத்துவது எளிதன்று.

நெருக்கடி வேறு வழியாகவும் வருகிறது. தொழிற்சாலைகளும் நிறுவனங்களும் தம் தொழிலாளர்க்குப் 'பேனல்' கிளினிக்குகளை ஏற்படுத்தித் தருகின்றன. தொழிலாளி அட்டையைக் காட்டி மருத்துவம் பெற்றுச் செல்வார். பணம் பின்னால் வரும். முன்பு நிறுவனமே நேரில் கணக்குத் தீர்த்தது. பின்னர் இடையில் நிர்வாக நிறுவனங்கள் புகுந்தன. ஒரு முறைக்கு இவ்வளவுதான் என்று அவை உச்சவரம்பு விதிக்கின்றன. மருந்துப் பட்டியலை வினவுகின்றன. பணம் மாதங்கள் கடந்து வந்து சேர்கிறது. ஒப்பந்தத்தை விட்டுவிடலாம் என்றால், அத்தொழிற்சாலையின் நோயாளிகள் அத்தனை பேரும் மறுநாளே வேறு கிளினிக்குக்குச் செல்வர். கூடம் நிறைந்திருப்பதைக் காணும் வழிப்போக்கர், 'டாக்டருக்கு நல்ல வருமானம்' என்று எண்ணிச் செல்கிறார். மருந்து விற்கும் நிறுவனத்தின் தவணைக் கடிதம் மேசையில் கிடப்பதை அவர் காண்பதில்லை.

2020 மார்ச்சு மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அந்தக் கூடமும் வெறிச்சோடியது. நோய்த்தொற்றுக்கு அஞ்சிய மக்கள் கிளினிக் பக்கம் வரவே தயங்கினர். வாடகை தயங்கவில்லை. மருத்துவரின் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை; ஞாயிறு இரவுகளில் கணக்கேட்டை எழுதுபவரும் அவரே. "என்னங்க, இந்த மாசமும் என் சம்பளத்துலதான் அவங்க ரெண்டு பேருக்கும் கொடுக்கணும்" என்று ஒருநாள் சொன்னார். மருத்துவர் மறுமொழி கூறவில்லை. உதவியாளர் இருவரும் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள். அவர்களை நிறுத்துவது பற்றி அவ்விருவரும் பேசவே இல்லை.

அக்காலத்திற்குப்பின், எளிய வழி ஒன்றைக் காட்ட வந்தவர்களும் உண்டு. முகத்தைப் பொலிவாக்கும் ஊசி, கொழுப்பைக் கரைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் விலைப்பட்டியலோடு விற்பனையாளர் ஒருவர் வந்தார். முறையான பயிற்சியும் அரசின் ஏற்பும் பெற்றுச் செய்தால் அத்தொழிலில் தவறேதும் இல்லை. அதற்குக் கட்டணம் கேட்டால் ஒருவரும் முகம் சுளிப்பதும் இல்லை. காய்ச்சல் குழந்தைக்கு 15 வெள்ளி மிகுதி என்று சொல்லும் ஊரில், முகப்பொலிவுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது என்பதை விற்பனையாளர் நன்கு அறிந்திருந்தார். மருத்துவர் அந்தப் பட்டியலை இரண்டு கிழமை மேசை அறையில் வைத்திருந்தார். பலமுறை எடுத்துப் பார்த்தார். அந்த இயந்திரத்தை வைப்பதற்குக் கிளினிக்கில் ஓர் அறைதான் உண்டு. நீரிழிவுக் கால்புண்ணுக்குக் கட்டுப் போடும் அறை அது. பட்டியலை இறுதியில் திருப்பி அனுப்பிவிட்டார்.

2025 மே 1ஆம் நாள் முதல், தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்தின் விலையை நோயாளிகள் காணும்படி வைக்க வேண்டும் என்னும் ஆணை நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்கள் பலர் அதனை எதிர்த்தனர். மே 6ஆம் நாள் புத்ராஜெயாவில் கூடித் தம் குறையை வெளியிட்டனர். விலையை மறைக்க விரும்பியதாலேயே எதிர்த்தனர் என்று கூறுவது பொருந்தாது. கட்டண எண்ணைக் கட்டிவைத்துவிட்டு மருந்து விலையை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்தினால், அம்மருந்துக்குள் ஒளிந்திருந்த வாடகையும் ஊதியமும் கொள்ளை போலத் தோன்றும் என்பதே அவர்கள் அச்சம். அதேவேளை, தம் கையில் தரப்படும் மாத்திரையின் விலையை அறிய நோயாளிக்கு முழு உரிமை உண்டு என்பதையும் மறுக்க இயலாது. இரு பக்கமும் நியாயம் இருந்தது. கட்டணத்தைத் திருத்த வேண்டும் என்னும் குரலும் அவ்வாண்டில் ஓங்கி ஒலித்தது.

அவ்வாண்டின் பள்ளி விடுமுறையில், ஆறாம் படிவத்தில் பயிலும் மருத்துவரின் மகள் தாயாருக்கு உதவியாகக் கணக்கேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மருத்துவம் பயில விருப்பம். பெயர்களுக்கு எதிரே இடையிடையே சுழிகள் இருப்பதைக் கண்டாள். "அப்பா, இவங்களுக்கெல்லாம் நீங்க ஒண்ணுமே செய்யலையா?" என்று கேட்டாள். மருத்துவர் ஏட்டை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு பெயரும் நினைவுக்கு வந்தது. மதுவை விடும்படி ஒருமணி நேரம் பேசி அனுப்பிய லோரி ஓட்டுநர்; மார்பில் கட்டி கண்டு உடனே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி அனுப்பப்பட்ட பெண்மணி; தேர்வு அச்சத்தால் வயிற்றுவலி என்று வந்த மாணவன். அவர் மிகுதியாகப் பணியாற்றியது இவர்களுக்கே. மருந்து கொடுக்காததால் பணமும் பெறவில்லை; பெறாததால் ஏடு அவர்களைச் சுழியாக்கிவிட்டது. "இவங்களுக்குத்தாம்மா அதிகமாச் செஞ்சேன்" என்றார். "அப்படின்னா கணக்கு தப்பா இருக்குப்பா" என்றாள் மகள்.

அடுத்த மாதம் முதல் அந்தக் கிளினிக்கின் ரசீது மாறியது. மருத்துவரின் ஆலோசனைக்கு ஒரு வரி. மருந்துக்கு மற்றொரு வரி. ஆலோசனைக் கட்டணம் விதிக்கு உட்பட்டு வெளிப்படையாக எழுதப்பட்டது. மருந்தின் விலை குறைக்கப்பட்டது. மருந்து வேண்டாதவர் ஆலோசனைக்கு மட்டும் செலுத்தினார். கொடுக்க இயலாதவர்க்கு அந்த வரியிலேயே 'கழிவு' என்று எழுதப்பட்டது, சுழி எழுதப்படவில்லை. செய்த பணி எது, விட்டுக்கொடுத்த தொகை எது என்பது அதன்பின் ஏட்டில் தெளிவாகத் தெரிந்தது. இதனால் செல்வம் குவிந்துவிடவில்லை. பழைய நோயாளிகள் சிலர் முணுமுணுத்து வேறிடம் சென்றனர். நாட்பட்ட நோய்க்கு மாதந்தோறும் மருந்து வாங்கும் முதியோர் சிலருக்குச் செலவு குறைந்தது, அவர்கள் நிலைத்தனர். தவணைகள் இன்னும் தொடர்கின்றன. இரவு நேரத்தில் கிளினிக்கைத் திறந்துவைப்பதை வாரம் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டார்.

எல்லா மருத்துவரும் இவர் போன்றவர் என்று கூறிவிட முடியாது. தேவையற்ற சோதனைகளாலும் மிகுந்த விலையாலும் நோயாளியை வாட்டுவோரும் இருக்கிறார்கள். அவர்களைக் கேள்வி கேட்கச் சட்டமும் மருத்துவ மன்றமும் உண்டு. ஆனால் நேர்மையாளர் தளர்ந்து வெளியேறினால் எஞ்சி நிற்பவர் யார் என்பதையும் மக்கள் எண்ண வேண்டும். சிறு பட்டணத்துக் கிளினிக் ஒன்று மூடப்படும்போது கடைவீடு ஒன்று மட்டும் காலியாவதில்லை. இருபது ஆண்டுகளாக ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை அறிந்த ஒருவரின் நினைவும் அங்கிருந்து போய்விடுகிறது. அரசாங்கக் கிளினிக்கின் வரிசையும் அதனால் நீள்கிறது.

மருத்துவம் பயில விரும்பும் மாணவர் இவற்றையெல்லாம் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. 2001இல் கெடாவில் தொடங்கப்பெற்ற எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் போன்றவை தமிழ் மாணவர் பலருக்கு உள்நாட்டிலேயே வாய்ப்பைத் திறந்தன. அரசு கல்விக்கடனும் தருகிறது. ஆனால் பட்டம் கையில் வந்தபின்னும் பாதை நீண்டது. பயிற்சி மருத்துவராக இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டும். 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் அரசுப் பணியில் ஒப்பந்த அடிப்படையிலேயே சேர்க்கப்பட்டனர். நிலையான பணி வேண்டி ஒப்பந்த மருத்துவர்கள் 2021 சூலை 26ஆம் நாள் நாடெங்கும் பணியிடங்களை விட்டு வெளியே வந்து நின்றதை நாடு கண்டது. தனிக்கிளினிக் என்பது அப்பாதையின் இறுதியில் காத்திருக்கும் பொற்குடம் அன்று. அதுவும் கடனோடும் கணக்கோடும் தொடங்கும் மற்றொரு பாதையே.

இதனைச் சொல்வது இளையோரின் ஆர்வத்தைக் குறைப்பதற்காக அன்று. செல்வம் வரும் என்று எண்ணி அத்தொழிலுக்குள் செல்பவர், செல்வம் வராத நாளில் மாத்திரையைக் கூட்டிக்கொடுக்கத் தொடங்கிவிடுவார். செலவும் வரவும் இன்னவை என்று அறிந்து, அறிந்த பின்னும் விரும்பிச் செல்பவரே நெருக்கடி நேரத்தில் 'மருந்து வேண்டா' என்று சொல்லும் துணிவைப் பெறுவார். ஆகவே ஆசிரியர்கள் மருத்துவத்தின் பெருமையைப் போதிக்கும்போது, அதன் கணக்கையும் மறைக்காமல் கற்பிக்க வேண்டும்.

மருத்துவராகப் போகிறவர் ஒரு வகுப்பில் ஓரிருவரே இருப்பர். நோயாளியாகப் போகிறவரோ எல்லாரும். அவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. மருத்துவரிடம் வாங்கும் பொருள்களுள் விலைமதிப்புடையது அவருடைய அறிவே. மாத்திரை அதற்குப் பிந்தியதே. கற்றுத்தரும் சொல்லுக்கு மதிப்புண்டு என்பதை ஆசிரியரைப் போல் அறிந்தவர் வேறு யார் இருக்க முடியும்? பாடநூலின் விலையைக் கொண்டு ஆசிரியரின் தொண்டை அளக்க முடியாது. அதுபோலவே மருந்துப் பையின் எடையைக் கொண்டு மருத்துவரின் பணியையும் அளத்தல் ஆகாது. 'மருந்து தேவையில்லை, இவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு மருத்துவர் சொல்லும்போது, அதைக் கேட்டு நன்றியோடு கட்டணம் செலுத்தும் மக்கள் பெருகுவார்களானால், கணக்கேட்டை மூடிவிட்டு அமைதியாக உறங்கும் மருத்துவர்களும் பெருகுவார்கள்.